கறாரின் இடது கை

என் தம்பியை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கறார் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவனும் அதை ஒரு பட்டம் மாதிரி வாங்கிக்கொள்வான். "கறார் வர்றாரு, கூட்டைத் திறந்து வையி" என்று படகுக்குப் படகு சத்தம் தாவிப் போவது இன்னும் என் காதில் இருக்கிறது. அவனைக் கெட்டவன் என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். எனக்குத் தெரியாததை அவர்கள் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? ஆனால் ஒன்று. அவன் பக்கத்தில் இருந்து சுகப்பட்டவர் என்று ஒருவரையும் என்னால் காட்ட முடியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் குடா சின்னது. மூன்று பக்கம் கரை, ஒரு பக்கம் தடுப்புச் சுவர், சுவருக்கு நடுவில் படகு போக ஒரு வாய். நண்டுதான் எங்கள் பிழைப்பு. கூட்டில் இரை வைத்துக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு வந்து, மறுநாள் காலையில் போய்த் தூக்குவோம். ஒரு காலத்தில் வெளியாட்கள் வந்து படகுகளை வாங்கினார்கள். கடலில் கால் நனைக்காத ஆட்கள். கூலிக்கு ஆள் வைத்துக் குடா முழுக்கக் கூடு இறக்கினார்கள். படகை விற்ற எங்கள் ஆட்களே அதே படகில் கூலிக்கு ஏறினார்கள். நண்டு வருஷத்துக்கு வருஷம் சிறுத்தது. உள்ளங்கை நிறைய இருந்தது பொத்தான் அளவுக்கு வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. கூட்டைத் தூக்கினால் சேறு.

அப்போது வீடு வீடாக ஏறி இறங்கியவன் என் தம்பிதான். நயமாகப் பேச அவனுக்கு வராது. "இப்பவே கூட்டுல சேறு வருது. நாளைக்கு உன் பையன் எதைத் தூக்குவான், என் தலையையா?" என்று கேட்டுவிட்டு, தின்பண்டம் கேட்ட பிள்ளையைப் போல வாசலிலேயே நிற்பான். பதில் வாங்காமல் நகர மாட்டான். அப்படித்தான் சங்கம் உண்டானது.

சங்கத்தின் சட்டம் எல்லாம் அவன் வாயிலிருந்து வந்ததுதான். குடாவுக்குள் முப்பது படகுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு படகுக்கும் மூக்கில் ஓர் எண். குஞ்சு நண்டு கூட்டில் வந்தால் தண்ணீருக்கே திரும்பப் போக வேண்டும். வடக்குக் கரையோரம் கடலுக்கு அடியில் புல் முளைத்துக் கிடக்கிற இடத்தில் நண்டு குஞ்சு பொரித்து வளரும். அந்தப் புல்படுகையைச் சுற்றி வெள்ளை மிதவை போட்டுவிட்டார்கள். அதற்குள் யாரும் கூடு இறக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். எண் யாருடையதோ அந்த ஆள் படகில் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு கூலியாளை அனுப்பக் கூடாது. தினமும் காலையில் படகுகள் வரிசையாகச் சுவரின் வாயைத் தாண்டும்போது, சுவர்முனையில் நிற்கும் சங்க எழுத்தர் ஒலிபெருக்கியில் எண்ணைக் கூப்பிடுவார். எண்ணுக்கு உரியவன் படகின் முன்பலகையில் உட்கார்ந்து கை தூக்க வேண்டும். மூன்றாவது தடவை கூப்பிட்டும் கை எழாவிட்டால் அங்கேயே எண்ணைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அது வரிசையில் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போகும்.

"அப்ப என் பையனுக்குக் கிடையாதா?" என்று ஒருவர் கேட்டார்.

"உன் பையன் அதே படகுல ஏழு பருவம் கயிறு இழுக்கட்டும். அப்புறம் அவன் பேருக்கு மாத்தறோம். கடல் என்ன உங்கப்பன் வீட்டு அலமாரியா, பூட்டி வெச்சுப் பிள்ளைக்குக் குடுக்க?" என்றான் என் தம்பி. அவனுடைய எண் பதினாலு.

நான் கூடு முடைகிற கொட்டகை அந்தச் சுவர்முனையில்தான் இருக்கிறது. சட்டம் போட்ட பிறகு நண்டு திரும்பி வந்ததை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். முதலில் இரண்டு விரல் அகலம், அப்புறம் நாலு விரல், அப்புறம் பழையபடி கை நிறைய. அந்தச் சட்டத்தை இன்றைக்கும் யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

ஆனால் விசில் கதையையும் சொல்ல வேண்டும். விசில் என்பது என் தம்பியின் மச்சான், அவன் மனைவியோடு கூடப் பிறந்த அண்ணன். வாயில் எப்போதும் ஒரு பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே கூடு தூக்குவார். அவருக்குச் சர்க்கரை நோயில் கால் புண்ணாகி, எழுந்திருக்க முடியாமல் போனது. அவருடைய மகன் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்பலகையில் உட்கார்ந்து கை தூக்கினான். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். என் தம்பி மட்டும் படகைப் படகோடு அணைத்து, அந்தத் தொப்பியைத் தட்டிவிட்டான்.

"மாமா, அப்பா எந்திரிச்சுடுவாரு மாமா, கொஞ்ச நாள்தான்," என்று பையன் கெஞ்சினான்.

"எந்திரிச்சதும் வரிசையில நிக்கச் சொல்லு."

சுரண்டியை அவனே வாங்கி அவன் கையாலேயே மச்சானின் எண்ணைச் சுரண்டினான். நீலச் சாயம் சுருள் சுருளாக உதிர்ந்து தண்ணீரில் மிதந்தது. விசில் அதற்கப்புறம் சீட்டியடிக்கவில்லை. அதிக நாள் இருக்கவும் இல்லை. என் தம்பி மனைவி அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். அவள் சாகும்வரை அப்படியே இருந்தாள். அவனும் "பேசு" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

விசிலின் மகள் படித்தவள். பிற்பாடு சங்கத்தில் எழுத்தர் வேலை அவளுக்குக் கிடைத்தது. சுவர்முனையில் ஒலிபெருக்கியோடு அவள் நிற்கத் தொடங்கினாள். முதல் நாள் என் தம்பியின் படகு வந்தபோது எல்லாரும் கை வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். "பதினாலு!" என்றாள். மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரல். அவன் கையைத் தூக்கினான். படகு போனது. அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் அவன் வலைக்கொட்டகை வாசலில் விழுந்தான். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போனது, "ம்ப, ம்ப" என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம். ஊரையே அதட்டின வாய் அது.

அவனுக்கு ஒரே மகன். பட்டணத்தில் ஏதோ தொழிற்சாலையில் இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு திரும்பி வந்து அப்பா படகில் ஏறினவன். ஆறு பருவம் முடித்திருந்தான். ஏழாவது பருவம்தான் பாக்கி. அது முடிந்தால் எண் அவன் பேருக்கு வந்துவிடும். முடியாவிட்டால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்; அந்த வரிசையில் முடி நரைத்தவர்கள் நிற்கிறார்கள்.

"இடது கை வேலை செய்யுதுல்ல," என்றான் மகன்.

இப்படித்தான் அது தொடங்கியது. என் தம்பியின் மருமகள் கட்டிலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்குப் பழக்குவது போல அவனைப் பழக்கினாள். "பதினாலு! மாமா, கை! எங்கே, தூக்குங்க!" இடது கை நடுங்கிக்கொண்டே மார்பு வரைக்கும் வரும், விழும். மறுபடி சொல்வாள். தோளுக்கு மேலே முதல் தடவை எழும்பின அன்றைக்கு அவள் கைதட்டிச் சிரித்தாள். "பாருங்க அத்தை, எங்க மாமா பரிட்சையில பாஸ்!" என்று என்னிடம் காட்டினாள். நல்ல பெண்தான். நானும் சிரித்தேன்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் காலை அறுத்து முன்பலகையில் கட்டினார்கள். மகன் அப்பாவை முதுகில் சுமந்து வந்து அதில் உட்கார வைப்பான். மார்புக்குக் குறுக்கே ஒரு கயிறு, இடுப்பில் ஒரு கயிறு. படகில் ஒன்றுக்கு வந்துவிடக் கூடாது என்று விடிந்ததிலிருந்து தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். வெயில் ஏறும்போது அவன் உதடு வெடித்து உப்புப் பூத்திருக்கும். ஈயை விரட்ட அந்த ஒரு கைதான். அதையும் வீணாக்காதே, களைத்துப்போகும் என்று மகன் அதட்டுவான்.

துறையில் சும்மா இருப்பார்களா? "என்னப்பா, மூட்டை ஏறிடுச்சா?" என்பார்கள். "பொம்மைக்குச் சாவி குடுத்தியா?" என்பார்கள். அவனிடம் எண்ணைப் பறிகொடுத்தவர்கள், குஞ்சு நண்டுக்காக வசவு வாங்கினவர்கள், எல்லாருக்கும் அது திருவிழாவாக இருந்தது. அவன் நேராகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். விசிலின் மகள் "பதினாலு!" என்று கூப்பிடுவாள். கை எழும். "போகலாம்," என்பாள். சட்டப்படி ஆள் இருந்தான், கை எழுந்தது. அவள் வேறு என்ன செய்ய முடியும்?

சங்கடம் வேறொரு இடத்தில் வந்தது. நாற்காலி கட்டின பிறகு படகில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை. ஆழத்தில் இறக்கின கூட்டை ஒருத்தன் தனியாகத் தூக்க முடியாது. மகன் ஒற்றை ஆளாக எங்கே தூக்க முடியுமோ அங்கே போனான்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவன் கிழிசலை முடையச் சொல்லிப் போட்ட கூடுகளில் வலைக்கண்ணுக்குள் பச்சைப் புல் சிக்கியிருந்தது. நாடா மாதிரி நீளப் புல். குடாவில் அது ஓர் இடத்தில்தான் முளைக்கிறது.

"என்னடா இது?" என்று கேட்டேன்.

"புல்லு."

"புல்லுன்னு எனக்குத் தெரியாதா? எங்க மேஞ்சுட்டு வந்தே?"

"அத்தை, சும்மா இரு. ஓரத்துலதான் இறக்குறேன்."

"மிதவைக்கு உள்ளாறயா, வெளியவா?"

வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினான். வாளியில் கிடந்ததை எட்டிப் பார்த்தேன். மேலே பெரிய நண்டு நாலைந்து. அடியில் எல்லாம் குஞ்சு. ஓடுகூட இறுகவில்லை.

"உங்கப்பன் முன்னாலயாடா?"

சிரித்தான். "அவர் என்ன சொல்லிடப் போறாரு? சங்கத்துக்குப் போய்ப் புகார் குடுப்பாரா?"

"அவன் பாக்கறான்டா."

"பாக்கட்டும். பாக்கறதுக்குத்தானே ஏத்திக்கிட்டுப் போறேன்."

நான் கூட்டை அவன் காலடியில் எறிந்துவிட்டு, இனிமேல் உன் கூட்டைத் தொட மாட்டேன் என்று சொன்னேன். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் தம்பியைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சுவர்ப்பக்கம் கிடந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, "புல்லுக்குள்ளயா போறான்?" என்று கேட்டேன். அவன் இடது கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்தது என்றால் என்ன பிடி! நகம் இறங்கி ரத்தம் கட்டிவிட்டது. "ம்ப, ம்ப" என்றான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. மச்சானைப் புதைத்தபோதும் மனைவியைப் புதைத்தபோதும் வராத தண்ணீர்.

"ஒரு வாரம்டா," என்றேன். "ஒரு வாரத்துல பருவம் முடியுது. எண்ணு அவன் பேருக்கு வந்துடும். அப்புறம் நான் அவனை உண்டு இல்லைன்னு பண்றேன். நீ பேசாம இரு." பேச முடியாதவனிடம்தான் அப்படிச் சொன்னேன். அவன் என் கையை விட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் காற்று இல்லை. படகுகள் வரிசையாக வந்தன. நான் கொட்டகையில்தான் இருந்தேன்.

"பதினாலு!"

என் தம்பியின் கை தொடைமேல் கிடந்தது.

காதில் விழவில்லை என்று விசிலின் மகள் நினைத்தாள் போல. "பதினாலு! மாமா, கை!" என்றாள். பின்னாலிருந்து மகன் துடுப்பின் முனையால் அப்பாவின் முதுகில் இடித்தான். "தூக்குப்பா." கை அசையவில்லை. பின்னால் நின்ற படகுகளில், "கறாரே, தூக்கமா?" என்றார்கள். "சாவி தீர்ந்துபோச்சுப்பா, சுத்தி விடு!" என்று ஒருவன் கத்தினான். ஒரே சிரிப்பு. என் தம்பி தலையைத் திருப்பி, சிரித்தவர்களைப் பார்த்தான். அப்புறம் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

விசிலின் மகள் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரின் விளிம்புக்கு வந்து மண்டி போட்டாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் எனக்குக் கேட்டது.

"மாமா, என்னைப் பாருங்க. அப்பா விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டு நான் கூப்பிடலை. உடம்பு முடியலைன்னா தூக்க வேணாம். விரல் அசைஞ்சாப் போதும். தூக்கிட்டாருன்னு நான் சொல்லிடுறேன்."

மகன் அதற்குள் பாய்ந்து வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினான். "இதோ! தூக்கிட்டாரு! பாத்துக்க!"

என் தம்பி அந்தக் கையைப் பிடுங்கினான். நோயாளியின் பலமா அது! பிடுங்கி, எல்லாரும் பார்க்க, தொடைக்கு அடியில் செருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

இதற்குமேல் பார்க்காத மாதிரி இருக்க யாராலும் முடியவில்லை.

"பதினாலு," என்றாள் மூன்றாவது தடவை. ஒலிபெருக்கி இல்லாமல், பக்கத்தில் இருக்கிறவனைக் கூப்பிடுவது போல. அப்புறம் சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"ஒரு வாரம்பா," என்று மகன் சொன்னான். "ஒரே ஒரு வாரம்பா. நான் உனக்கு என்னப்பா பண்ணேன்?" அவன் மறுபடி மறுபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கையில் சுரண்டி வழுக்கி வழுக்கிப் போனது. என் தம்பி எண் போகிற பக்கமாகத் தலையைச் சாய்த்து, வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கிறவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படகைத் துறைக்குத் திருப்பின மகன், நாற்காலியோடு அப்பாவை அவிழ்த்துச் சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். உச்சி வெயில் ஏறியது. தாண்டிப் போனவர்கள் தாண்டிப் போனார்கள். ஒருவன் அவன் மடியில் ஒரு குஞ்சு நண்டைப் போட்டுவிட்டுப் போனான். அது அவன் சட்டைமேல் ஊர்ந்தது. கடைசியில் நானும் விசிலின் மகளும் துறையில் ஐஸ் உடைக்கிறவனும் சேர்ந்துதான் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மருமகள் கதவைத் திறந்து, உள்ளே விட்டு, விசிலின் மகள் முகத்துக்கு முன்னால் சாத்தினாள்.

பதினாலு இப்போது ஐஸ் உடைக்கிறவனுக்கு வந்திருக்கிறது. வரிசையில் அவன்தான் முன்னால் நின்றான். மகன் அவன் படகிலேயே கூலிக்குக் கயிறு இழுக்கிறான். முன்பலகையில் அடுத்தவன் கை எழும்போது இவன் குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பான். வெள்ளை மிதவைக்குள் யாரும் போவதில்லை. புல் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார்கள்.

நான் சில நாள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. கோபம். தம்பிமேலா, அவன் மகன்மேலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்புறம் மனசு கேட்காமல் ஒரு மத்தியானம் போனேன்.

கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்திச் சுவரைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். கடல் தெரியாது. அவன் பாதியாக இளைத்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மருமகள் ஸ்டூலில் கஞ்சிக் கிண்ணத்தோடு இருந்தாள். கரண்டியில் எடுத்து, ஆற்றி, அவன் வாய்க்கு எட்டாத தூரத்தில் பிடித்தாள்.

"பதினாலு!" என்றாள்.

என் தம்பி இடது கையைத் தூக்கினான்.

ஊட்டினாள். கை இறங்கியது. அடுத்த கரண்டி. "பதினாலு!" கை பாதி வரைக்கும் வந்து நின்றது. "பத்தலை மாமா. சுவர்ல நின்னு பாத்தாத் தெரியணும்." நடுங்கிக்கொண்டே காதுக்கு மேலே போனது. ஊட்டினாள்.

"ஏண்டி, நீ மனுஷிதானா?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. குரலும் ஏறவில்லை. "ஆள் இருக்கணும், கை தூக்கணும். அவர் போட்ட சட்டம்தானே அத்தை. தூக்காதவங்களுக்குக் கிடையாது."

"அவன் உன் மாமனார்டி."

"அந்த விசில் பெரியப்பா இவருக்கு மச்சான்தானே?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் முகத்தை என் பக்கம் திருப்பினேன். தாடையில் கஞ்சி காய்ந்திருந்தது. முந்தானையால் துடைத்தேன்.

"வாடா, நம்ம வீட்டுக்குப் போயிடலாம். ஐஸ்காரனைக் கூட்டிட்டு வர்றேன், தூக்கிட்டுப் போயிடுவோம். நான் ஊட்டுறேன்டா, ஒண்ணும் கேக்காம ஊட்டுறேன். வர்றதா இருந்தா கையைத் தூக்கு."

அவன் என்னை நன்றாகத்தான் பார்த்தான். புரியவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டே கையை மெல்ல நகர்த்தி, தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

மருமகள் அடுத்த கரண்டியை எடுத்து ஊதினாள்.

"பதினாலு!"

தொடைக்கு அடியிலிருந்து கை வெளியே வந்தது. மேலே எழுந்தது.